செப்டம்பர் எல்க் வேட்டை: எந்த டேக், வெயிலில் கறியை எப்படிக் காப்பது?

டல்லாஸ் வில்லாளி:

வணக்கம். டெக்சஸில் வில்லோடு மான் வேட்டை ஆடிப் பழக்கம் உண்டு. அடுத்த ஆண்டு முதல் முறையாக எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைக்குப் போக ஆசை. அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ, இதில் எந்த மாநிலத்தின் டேக் (வேட்டை உரிமம்) குலுக்கலுக்கு விண்ணப்பிக்கலாம்? எங்கேயும் பாயின்ட் (குலுக்கலில் வாய்ப்பைக் கூட்டும் புள்ளி) சேர்த்து வைக்கவில்லை. இன்னொரு கவலை வெயில். இங்கே மான் விழுந்தால் சீக்கிரமே வண்டியில் ஏற்றிவிடுவோம். 300 கிலோ விலங்கு மலையில் விழுந்தால் கறி கெடாமல் இறக்க முடியுமா? கூட வருவது ஒரே ஒரு நண்பர்.

மலைக்காற்று:

இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அது ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் கறியை எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில் சுமக்க முடியும் என்று முதலில் பாருங்கள். அதற்குத் தகுந்த இடத்துக்கு மட்டும் விண்ணப்பியுங்கள்.

நியூ மெக்சிகோவில் பாயின்டே கிடையாது, புதியவரும் பழையவரும் சமம். ஆனால் வழிகாட்டி வைத்துக்கொள்ளாத வெளிமாநிலத்தாருக்கு 6 சதவீத டேக்தான். அரிசோனாவில் 20 சதவீத டேக், அதிக பாயின்ட் உள்ளவர்களுக்கு முதலில் போகிறது, வெளிமாநிலத்தாருக்கு மொத்தமே 10 சதவீதம் வரைதான். இரண்டிலும் பெயர் கொடுங்கள், நம்பி இருக்காதீர்கள்.

கொலராடோதான் உங்களுக்கு வழி. 2025 முதல் மேற்குப் பகுதியில் வெளிமாநிலத்தார் எல்க்குக்கான வில் டேக்கை நேரே வாங்க முடியாது, குலுக்கலில்தான் வர வேண்டும். விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகப் பாயின்ட் மட்டும் கேளுங்கள், இரண்டாவது விருப்பமாகப் போட்டி குறைந்த ஒரு யூனிட்டை (வேட்டைப் பகுதியை) போடுங்கள். டேக் விழுந்தாலும் பாயின்ட் சேரும். ஏப்ரல் தொடக்கத்தில் கடைசி நாள். யூனிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எல்க் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் பாதைகளைப் பாருங்கள். நல்ல ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய கறியே 80 கிலோவுக்கு மேல் வரும். சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் இரண்டு பேர் போகக் கூடாது என்பது என் கணக்கு.

இனி கறி. வெளி வெயிலைவிட உள்ளே இருக்கும் உடல் சூடுதான் முதல் எதிரி. அடர்ந்த ரோமமும் தடித்த தோலும் அந்தச் சூட்டைக் கம்பளி போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடம்தான் முதலில் கெடும். அதனால் விலங்கு கிடைத்ததும் படம் எடுப்பதைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு தோலை உரியுங்கள். வயிற்றைத் திறக்கவே வேண்டாம். ஒரு பக்கம் சாய்த்து, முதுகெலும்பு வழியாகக் கீறி, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி என்று எடுத்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள். உள்முதுகுக் கறியைக் கடைசி விலாவுக்குப் பின்னால் கைவிட்டு எடுக்கலாம். பாலின அடையாளம் ஒரு துண்டோடு ஒட்டியே இருக்கட்டும், சட்டம் அது. காற்று புகும் துணிப்பைகளில் போட்டு, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். சூடான கறியைப் பிளாஸ்டிக் பையில் ஒருபோதும் போடாதீர்கள். உயரத்தில் இரவுக் குளிர் நன்றாக இறங்கும், அதுதான் நமக்குக் கிடைக்கும் பெரிய உதவி. விடிந்ததும் குளிர்ந்த கறிப்பைகளைத் தூங்கும் பைக்குள் சுற்றி வைத்தால் பகலெல்லாம் குளிர்ச்சி நிற்கும்.

வில்லுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. நுரையீரலில் பட்டால் அரை மணி நேரத்தில் தேடலாம். வயிற்றில் பட்டால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் எழுந்து ஓடிவிடும். மாலையில் அப்படி நடந்தால் இரவு முழுக்க அது தோலோடு கிடக்கும், சூடான இரவென்றால் கறி போய்விடும். ஆகவே மாலைக் கடைசி வெளிச்சத்தில், பக்கவாட்டில் அசையாமல் நின்றால் ஒழிய அம்பை விடாதீர்கள். எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் சரி. விலங்கைக் கொன்று கறியை வீணாக்குவது எனக்குப் பொறுக்காது.

ரிம் அடிவாரம்:

நான் அரிசோனா. இங்கே வெயில் இன்னும் அதிகம், இரவும் சில நேரம் குளிராது. எலும்பை அங்கேயே நீக்கிவிடுங்கள் என்பேன். சூடு சீக்கிரம் இறங்கும், சுமையும் குறையும். பல மாநிலங்கள் மூளை, தண்டுவடம் எல்லை தாண்டி வர விடுவதில்லை (மான்களின் மூளையைக் கெடுக்கும் சிடபிள்யூடி என்ற தொற்றுநோய்க்காக), வெறும் கறி என்றால் அந்தத் தொல்லையும் இல்லை.

மலைக்காற்று:

அரிசோனா வெயிலுக்குச் சரி. கொலராடோ உயரத்தில் நான் எலும்போடுதான் கொண்டுவருவேன். வெட்டுப் பரப்பு குறைவு, மண்ணும் ஈயும் குறைவு, தொங்கவிடவும் வசதி. சூடு வெளியேறத் தொடை எலும்பு ஓரமாக ஆழமாக ஒரு கீறல் போட்டுவிடுவேன். ஊர் திரும்பும் முன் எலும்பை எடுத்துவிடலாம்.

டல்லாஸ் வில்லாளி:

மிக்க நன்றி அண்ணா. இரண்டாவது விருப்ப யோசனை தெரியவே தெரியாது. அப்புறம், டல்லாஸ் வரை வண்டியில் உலர் பனிக்கட்டி வைக்கலாமா?

ரிம் அடிவாரம்:

வைக்கலாம், ஆனால் அது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரி. கறியின் மேல் நேரே படாமல் அட்டை வையுங்கள், வாயு வெளியேறக் கூலர் மூடியை இறுக்கி ஒட்டாதீர்கள். மூடிய வண்டிக்குள் கரியமில வாயு சேரும், ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள். எனக்கு உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களே போதும். உருகினாலும் கறி நனையாது, வீடு சேரும் வரை 4 டிகிரிக்குக் கீழே நின்றால் சரி.