ஒத்தத் தண்டவாள ரயிலை டெல்லியில் பார்த்தோம்

போன குளிர்காலத்தில் அப்பா போடியிலிருந்து டெல்லிக்கு வந்திருந்தார். செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாணக்யபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பையனுக்கு அங்கே ஓடும் பொம்மை ரயிலில் சுற்ற வேண்டும், அதற்காகத்தான் கிளம்பினோம். திங்கட்கிழமை மூடியிருக்கும், போகிறவர்கள் அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின்கள் பெரும்பாலும் திறந்தவெளியில், மரங்களுக்கும் புல்தரைக்கும் நடுவில் நிற்கின்றன. பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் கேரட் (Garratt) வகை நீராவி இன்ஜினைப் பார்த்துவிட்டுப் பையன் வாயைப் பிளந்துவிட்டான். 230 டன்னுக்கு மேல் எடை. பாய்லர் நடுவில் தொங்குகிறது, முன்னால் ஒரு சக்கரத் தொகுதி, பின்னால் ஒரு சக்கரத் தொகுதி, வளைவில் நீளமான வண்டி மடங்கித் திரும்பத்தான் அந்த அமைப்பு. அப்புறம் மைசூர் மகாராஜாவின் 1899 சலூன் ரயில் பெட்டி, மான்செஸ்டர் பக்கம் செய்த 1914-ம் வருட ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி. இதெல்லாம் எல்லாரும் படம் எடுத்துப் போடுகிறவைதான், நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு கரி இன்ஜின் புகைந்துகொண்டு நின்றது. பட்டியாலா ஸ்டேட் மோனோரயில். கீழே ஒரே ஒரு தண்டவாளம். இன்ஜினின் மூன்று சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் விளிம்பு, தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ள. கவிழாமல் இருக்க ஒரு பக்கம் கையை நீட்டின மாதிரி ஒரு சட்டம், அதன் நுனியில் மாட்டுவண்டிச் சக்கரம் போலப் பெரிய இரும்புச் சக்கரம், அது வெறும் தரையில் ஓடுகிறது. எடையில் பெரும்பகுதி தண்டவாளத்துக்கு, சமநிலைக்குத்தான் பக்கச் சக்கரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதி நகர்ந்தது. தரையில் உருளும் அந்தச் சக்கரம் சின்னக் கல் ஒன்றின்மேல் ஏறி இறங்கியபோது வண்டி முழுவதும் லேசாக ஆடி நிமிர்ந்தது.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா பாப்பா, எங்க தாத்தா சொன்னது இதுதான்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அப்பாவுடைய தாத்தா சின்ன வயதில் மலையடிவாரக் கொட்டகுடியிலிருந்து போடிக்கு வண்டி ஓட்டியவர். மலைமேல் மூணாறில் ஒத்தத் தண்டவாளத்தில் மாடு ரயிலை இழுக்கும் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வாராம். ஒத்தத் தண்டவாளத்தில் ரயில் எப்படி நிற்கும் என்று யாரும் நம்பவில்லை. அப்பா எங்களுக்கு அதைச் சொன்னபோது நாங்களும் நம்பவில்லை, கதை என்றே நினைத்துச் சிரித்தோம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். அவ்வளவும் உண்மை. மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1902-ல் இதே முறையில் (எவிங் முறை என்று பெயர்), இதே மாதிரி ஒரு தண்டவாளமும் பக்கச் சக்கரமுமாகப் போடப்பட்டிருக்கிறது. மாடுகள்தான் இழுத்திருக்கின்றன. மூணாறு எஸ்டேட் தேயிலை அதில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடி. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் சாதாரணத் தண்டவாளம் போட்டு நீராவி இன்ஜின் ஓட்டினார்கள். 1924 வெள்ளம் வந்து மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆக, தாத்தா பார்த்தது அந்த முதல் ஆறு வருடத்தில்தான் இருக்க வேண்டும், அப்போது அவருக்குப் பதினைந்து வயது இருந்தாலே அதிகம்.

பட்டியாலா ரயில் 1907-ல் வந்தது, 1927-ல் நின்றுவிட்டது. ஜெர்மனியில் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனி செய்த நான்கு இன்ஜின்களில் ஒன்றைப் பல வருடம் கழித்துத் தேடி எடுத்து, அமிர்தசரஸ் ஒர்க்ஷாப்பில் பழுது பார்த்து ஓட வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தவர்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன். பழைய இரும்பு என்று அன்றைக்கே எடைக்குப் போட்டிருந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னது கடைசிவரை கதையாகவே போயிருக்கும். படத்தில் எத்தனை முறை பார்த்தாலும், அந்தச் சக்கரம் கல்மேல் ஏறி இறங்குவதைக் கிட்ட நின்று பார்ப்பது போல வராது.

மூணாறு டீ மியூசியத்தில் குண்டளை ரயிலின் சக்கரம் ஒன்று வைத்திருப்பதாகப் படித்தேன். கோடை விடுமுறையில் அப்பாவோடு போகப் போகிறேன். டாப் ஸ்டேஷன் பக்கம் ரோப்வேயின் மிச்சம் ஏதாவது பார்த்தவர்கள் இருந்தால் இடம் சொல்லுங்கள்.

மியூசியத்தில் நின்றுகொண்டே அப்பா போடியில் இருக்கும் அத்தைக்கு வீடியோ கால் போட்டார். போனைப் பக்கச் சக்கரத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வண்டியோடு கூடவே நடந்தார். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "மாடு எங்கடா?" என்று கேட்டார்.

"இங்க முதல்ல கோவேறு கழுதை இழுத்துச்சாம்க்கா, அப்புறந்தான் இன்ஜின்" என்று அப்பா சத்தமாகச் சொன்னார்.