புதுப்பிப்பு: தறிச் சத்தத்துக்கு நடுவே எந்த மைக்?

சேலம் அம்மாப்பேட்டையில் பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, கணக்குப்பதிவியல் பாடங்களைத் திரைப்பதிவாக எடுக்க 1,500 ரூபாய்க்குள் மைக் சொல்லுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலரும் கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும் வகை) சொன்னீர்கள். நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். குரல் அருமை, ஆனால் மேசையில் கை நீளத்துக்குத் தள்ளி வைத்ததால் தறிச் சத்தமும் தெளிவாகச் சேர்ந்து வந்தது. கடைசியில் போயா பிஒய்-எம்1 காலர் மைக் வாங்கினேன். இது எல்லாத் திசையிலும் கேட்கும் வகைதான். வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) கூடும், தறிச் சத்தம் அப்படியே இருக்கும். தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டினேன், குரல் முன்னுக்கு வந்துவிட்டது.

முதல் நாள் எதுவுமே பதிவாகவில்லை. என் பழைய லேப்டாப்பில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை, மைக்கின் பிளக்கோ இரண்டும் ஒரே துளையில் சேரும் மொபைல் வகை. இரண்டாகப் பிரிக்கும் சின்ன கேபிள் போட்டதும் சரியாகிவிட்டது.

அப்புறம், ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சல் குறைப்பு: ஃபேன் போல ஒரே சீராக வரும் ஓசையை அழகாக நீக்குகிறது. தறியின் தடதடப்பு விட்டுவிட்டு வருவதால் அதில் முழுதாகப் போகாது, அழுத்திக் குறைத்தால் குரல் தகரம் போலாகிறது. அதனால் இப்போது மதியச் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தும் நேரத்தில்தான் பதிவு செய்கிறேன்.