கலப்புப் பிள்ளைகளும் 'பங்சா' (இனம்) கட்டமும்: கவுண்டரில் நடப்பதைப் பகிருங்கள்

செந்தூல், கோலாலம்பூர்:

அப்பா தமிழர், அம்மா சீனர் என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பாரம் கொடுக்க வேண்டும். அதில் அப்பாவின் இனத்துக்கு ஒரு கட்டம், அம்மாவின் இனத்துக்கு ஒரு கட்டம். பிள்ளைக்கு "இரண்டும்" என்று எழுத வழியில்லை. வழக்கமாக அப்பாவின் இனமே பிள்ளைக்கும் ஏறும். மைகாட் அடையாள அட்டையின் முகப்பில் இனம் அச்சாவதில்லை, முஸ்லிம்களுக்கு மட்டும் மதம் இருக்கும். அதனால் பதிவில் என்ன இருக்கிறது என்று பல குடும்பங்கள் பார்ப்பதே இல்லை. ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வை முடித்து மேற்படிப்புக்கு மனு செய்யும்போதுதான் முழிக்கிறார்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். சீனக் குடும்பப் பெயரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதும் ஒரே பெயரில் சேரும்போது எது முன்னே, எது பின்னே என்று முதலிலேயே முடிவு செய்து, ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பின்னால் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் வங்கியில் ஒரு மாதிரியும் இருந்தால், ஒவ்வொன்றையும் திருத்த நீங்கள்தான் அலைய வேண்டும்.

பட்டர்வொர்த், பினாங்கு:

செந்தூல் அண்ணன் சொன்ன பதிவு ஒரு பக்கம். பல்கலைக்கழக மனுவில் 'பூமிபுத்ரா' (மலாய்க்காரர், சுதேசிகளுக்கான சலுகைத் தகுதி) யார் என்பதற்கு விதியே வேறு. அதுவும் ஊருக்கு ஊர் மாறும். தீபகற்பத்தில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் மலாய் முஸ்லிமாகவோ தீபகற்பப் பூர்வகுடியான ஒராங் அஸ்லியாகவோ இருந்தால் போதும். சபாவில் அப்பாவைத்தான் பார்ப்பார்கள். சரவாக்கில் இருவருமே சுதேசிகளாக இருக்க வேண்டும் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு 2022இல் மாநிலச் சட்டமும் மாறி, ஒருவர் சுதேசியாக இருந்தாலே போதும் என்றானது.

இதை ஒரு குடும்பத்தில் பொருத்திப் பாருங்கள். தமிழ் அப்பா, ஒராங் அஸ்லி அம்மா: பதிவில் பிள்ளை 'இந்தியர்' என்றிருந்தாலும் அந்த விதிப்படி பூமிபுத்ரா. தமிழ் அப்பா, சபாவின் கடசான் சுதேசி அம்மா என்றால் இல்லை. அதையே திருப்பி, கடசான் அப்பா, தமிழ் அம்மா என்றால் ஆம். இரண்டு வீட்டிலும் கலந்திருப்பது அதே இரு இனம்தான்.

கவுண்டரில் "அப்பா இந்தியர்தானே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், வாய்ப்பேச்சில் நிற்காதீர்கள். அம்மாவின் பிறப்புப் பத்திரம், ஒராங் அஸ்லி மேம்பாட்டு இலாகாவின் உறுதிக் கடிதம் இரண்டையும் மனுவோடு இணையுங்கள். இந்தத் தகுதியின் எடை சாதாரணமல்ல. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராவுக்கு. அது ஓராண்டுப் படிப்பு, இன்னொரு வழியான ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு. 2024இல் எஸ்.பி.எம்.மில் 10ஏ எடுத்த எல்லா இனத்தவருக்கும் இடம் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் 8ஏ எடுத்த இந்தியப் பிள்ளை அந்த அறிவிப்புக்கு வெளியே நிற்கிறது. என் மனம் அந்தப் பிள்ளையிடம்தான் இருக்கிறது.

நம் பினாங்குத் தமிழ் முஸ்லிம்களுக்கு இன்னொரு விஷயம். அரசமைப்பின் 160ஆம் பிரிவு 'மலாய்க்காரர்' என்பதை மதம், மொழி, வழக்கம், மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முந்தைய மண் தொடர்பு ஆகியவற்றால் வரையறுக்கிறது. மலாய் ரத்தம் வேண்டும் என்று கேட்கவே இல்லை. ஒரே தெருவில் ஒரு குடும்பம் 'மெலாயு', பக்கத்துக் குடும்பம் 'இந்தியா' என்று பதிவாகியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்:

வாடகை வீட்டில் பாரம் கிடையாது, வாட்சாப்தான். ஏஜென்டின் முதல் செய்தி பெரும்பாலும் "ரேஸ்? எத்தனை பேர்? என்ன வேலை?" சீனப் பெயருள்ள கலப்புப் பெண்ணுக்கு வீடு பார்க்க நேரம் கொடுப்பார்கள். கதவைத் திறந்து முகத்தைப் பார்த்ததும் "ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்" என்பார்கள். அரசமைப்பின் 8ஆம் பிரிவு தரும் சமத்துவம் தனியார் வீட்டுக்காரரைக் கட்டாது. நீதிமன்றங்கள் அதை அரசு சார்ந்த செயலுக்குள் நிறுத்திவிட்டன.

எனவே காசையாவது காப்பாற்றுங்கள். 1,500 வெள்ளி (ரிங்கிட்) வாடகை என்றால் இரண்டு மாத டெபாசிட் 3,000, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 750, முதல் மாத வாடகை 1,500, ஆக 5,250 வெள்ளி. ஓனர் ஒப்புக்கொள்ளுமுன் புக்கிங் பணம் கேட்டால், ஏஜென்டின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். நிறுவனத்தின் கணக்கில் போடுங்கள். "ஓனர் மறுத்தால் முழுத் தொகையும் திரும்பும்" என்ற வரி கடிதத்தில் இருக்க வேண்டும். இனம் காரணம் என்று சொல்லி மறுக்கிற ஓனர்கள் குறைவு. கடிதத்தில் அந்த வரி இருந்தால் காரணம் எதுவானாலும் பணம் வரும்.

செந்தூல், கோலாலம்பூர்:

வேலை பற்றியும் சுருக்கமாக. 1.1.2023 முதல் வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்கீழ், பாகுபாடு பற்றித் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். இலாகாவின் உத்தரவை முதலாளி மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் அது வேலையில் இருப்பவருக்குத்தான். நேர்முகத்துக்கே கூப்பிடப்படாதவருக்கு அதில் வழியில்லை. வேலையில் இருப்பவர்கள் புகாருக்குப் போகுமுன் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், மேலாளர் அனுப்பிய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியவேண்டும். வெறும் செய்தியை மட்டும் வெட்டி எடுத்தால் யார் சொன்னது என்ற கேள்வியிலேயே புகார் நின்றுவிடும்.