மேல் டாங்க்கில் கசிவு: ரேடியேட்டரையே மாற்றணுமா, சரிசெய்து ஓட்டலாமா?

நெடுஞ்சாலை:
வண்டிக்கு 10 வயது. பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். கொஞ்ச நாளாக ரிசர்வ் டாங்க்கில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டாங்க்கும் அலுமினியக் கோரும் (நடுவில் மெல்லிய குழாய்கள் இருக்கும் பகுதி) சேருகிற மடிப்பில், மேல் ஹோஸ் நுழையும் வாய்க்குப் பக்கத்தில், பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்து ஒரு கோடு ஓடுகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது இனிப்பு வாடை வருகிறது. டெம்பரேச்சர் முள் இதுவரை நடுவைத் தாண்டியதில்லை. ஒரு மெக்கானிக் மொத்தமாக மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் எபாக்ஸி பசை பூசினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஸ்பேனர்:
யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அந்த டாங்க் கண்ணாடி இழை கலந்த நைலான். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கடைசியில் மொறுமொறுவென்று ஆகிவிடும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் அந்த மடிப்புதான் முதலில் விடும். நீங்கள் வெளியே எபாக்ஸி பூசுவீர்கள், உள்ளே 1 பார் அழுத்தத்தில் 90, 100 டிகிரி திரவம் தள்ளிக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் தாங்கும்?

முள் நடுவில் நிற்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சென்சார் கூலண்டில் மூழ்கி இருந்தால்தான் சரியான சூடு காட்டும். கூலண்ட் மொத்தமாக இறங்கிவிட்டால் அது நீராவியில் நிற்கும், முள் ஏறாமலே இருக்கலாம், சில வண்டிகளில் இறங்கக்கூடச் செய்யும். ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்குள் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அந்த வேலையோடு பார்த்தால் ரேடியேட்டர் மாற்றுவது ஒன்றுமே இல்லை.

பழையடீசல்:
ஸ்பேனர் தம்பி, நோய் என்னவென்று பார்க்காமலே மருந்து எழுதுகிறீர்கள். உப்புப் பூத்திருப்பதை வைத்துக் கசிவு இருக்கிறது என்று சொல்லலாம். ஏன் கசிகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் மூடியைச் சோதியுங்கள். ரேடியேட்டர் மூடி என்பது குக்கர் வெயிட் மாதிரி. அதில் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும் பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், மீறினால் வெளியே விடும். 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த வால்வு இறுகிப்போனால் அழுத்தம் எங்கேயாவது வழி தேடும். புது ரேடியேட்டர் போட்டு அதே மூடியை மாட்டினால் அதுவும் ஒழுகும். ஹெட் கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்து, எரிந்த வாயு கூலண்டில் கலந்தாலும் இதே கதைதான்.

அப்புறம், மடிப்பில் மட்டும் கசிகிறது என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் தளர்ந்திருக்கலாம். டாங்க்கைப் பிடித்திருக்கும் மடிப்புப் பற்களை நிமிர்த்தி, கேஸ்கெட் மாற்றி, மறுபடி மடித்துக் கொடுக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல கோரைத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது.

ஸ்பேனர்:
மூடி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை அண்ணா. ஆனால் பற்களை நிமிர்த்தி மடிப்பது பித்தளைக் காலத்து மனக்கணக்கு. செம்பு, பித்தளை ரேடியேட்டரில் டாங்க்கை ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்தால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். இப்போது வருகிற அலுமினியப் பற்கள் மெல்லியவை. ஒருமுறை நிமிர்த்தி மடித்தாலே சில பற்கள் வேரில் கீறல் விடும். 10 வருடப் பிளாஸ்டிக்கை அதே இடத்தில் வைத்துப் புது கேஸ்கெட் போட்டு யாருக்கு லாபம்?

கிளட்ச்:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டு வண்டி எப்போதும் வெறும் தண்ணீரில்தான் ஓடுகிறது. கூலண்டைவிடத் தண்ணீர்தான் அதிகச் சூட்டை வாங்கும் என்று படித்திருக்கிறேன். கூலண்ட் எல்லாம் வியாபார உத்தி இல்லையா?

பழையடீசல்:
படித்தது சரிதான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும், கூலண்டின் மூலப்பொருளான கிளைக்காலைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்த கலவைக்கு ஏறக்குறைய 3.5 போதும். ஆனால் எஞ்சினுக்குள் இருப்பது பாத்திரம் இல்லை. அலுமினிய ஹெட், இரும்பு பிளாக் அல்லது அலுமினிய பிளாக், எஃகு, ரப்பர், ஈயம் என்று எல்லாம் ஒரே திரவத்தில் ஊறுகின்றன. துருத்தடுப்பு இல்லாத தண்ணீரில் அலுமினியம் அரிக்கும், வாட்டர் பம்ப் விசிறியும் குழி விழும். குழாய்த் தண்ணீர் என்றால் கால்சியமும் மெக்னீசியமும் படிந்து குழாய்களின் உள்சுவரில் ஓடு கட்டும். அந்த ஓடு சூட்டைச் சரியாகக் கடத்தாது. நான் அறுத்துப் பார்த்த பழைய கோர்களில், கீழ் வரிசைக் குழாய்கள் ஊசி நுழையாத அளவுக்கு அடைத்திருந்தன. அந்த மாதிரி வண்டி தெருவுக்குள் ஓடும்போது நன்றாகத்தான் இருக்கும், மேடு ஏறும்போது ஏசி போட்டால் முள் மேலே போகும்.

வழியில் அவசரம் என்றால் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம். வீடு வந்ததும் வடித்துவிட்டுச் சரியான கலவை போட்டுவிட வேண்டும். கலக்க, தாது நீக்கிய தண்ணீர்தான். கூலண்டின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் அந்தந்தக் கம்பெனி இஷ்டம், பொது விதி கிடையாது. கையேட்டில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதுதான். பழைய வகை என்றால் சுமார் 2 வருடத்திலும், கரிம அமில வகை என்றால் பெரும்பாலும் 5 வருடத்திலும் அதன் துருத்தடுப்புத் தீர்ந்துவிடும். நிறம் அப்போதும் பளிச்சென்று இருக்கும், அதுதான் ஏமாற்றுவது.

நீலப்பறவை:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆட்டோமேட்டிக் என்று சொல்லியிருக்கிறார். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் டாங்க்குக்குள்ளேதான் இருக்கும். அது உள்ளே விட்டால் கூலண்டும் கியர் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ரிசர்வ் டாங்க்கில் இளஞ்சிவப்பாகக் கலங்கி, கொழகொழவென்று ஏதாவது தெரிகிறதா? கிளைக்கால் கியர்பாக்ஸுக்குள் போனால் கிளட்ச் தட்டுகளின் பசையே கழன்றுவிடும். பழைய ரேடியேட்டரை இழுத்துப்பிடித்து ஓட்டுகிற வாதம் மேனுவல் வண்டிக்கு வேண்டுமானால் பொருந்தும்.

பழையடீசல்:
நல்ல கேள்வி. அப்படி ஒரு அறிகுறி தெரிந்தால் நானும் மாற்றத்தான் சொல்வேன், வண்டியை ஸ்டார்ட்டே செய்யக் கூடாது. ஆனால் பயத்தில் மாற்றுவது வேறு, சோதித்து மாற்றுவது வேறு. அழுத்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். எஞ்சின் ஆறிய பிறகு மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, பம்பின் அழுத்த முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தாண்டி ஏற்றிவிடாதீர்கள்.

கிளட்ச்:
கசிவை அடைக்கும் பொடி, திரவம் எல்லாம் கிடைக்கிறதே?

ஸ்பேனர்:
வேண்டவே வேண்டாம். அதற்கு ஓட்டை எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும்.

பழையடீசல்:
ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் போடுவேன். வேறு எப்போதும் இல்லை.

நெடுஞ்சாலை:
சோதனை முடிந்தது. மூடி 1.1 பார், தனியாக வைத்துப் பார்த்ததில் சரியான அளவில்தான் திறக்கிறது. எரிந்த வாயுச் சோதனையில் நீலத் திரவம் நிறம் மாறவில்லை, ஹெட் கேஸ்கெட் பிழைத்தது. கூலண்டில் ஆயில் இல்லை. ஆனால் ரேடியேட்டரில் 1.1 ஏற்றியதும் முள் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. சோப்பு நீர் தடவினால் ஹோஸ் வாயின் அடியில் நுரை. உப்பைச் சுரண்டிப் பார்த்தோம், மடிப்புக்கு மேலே பிளாஸ்டிக்கிலேயே முடி மாதிரி ஒரு விரிசல் மேல்நோக்கி ஏறியிருக்கிறது.

பழையடீசல்:
பிளாஸ்டிக்கில் விரிசல் என்றால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். அந்த விரிசல் நிற்காது. மடிப்பில் மட்டும் கசிந்திருந்தால் இப்போதும் கேஸ்கெட் மாற்றத்தான் சொல்லியிருப்பேன்.

ஸ்பேனர்:
அதில் நமக்குள் ஒத்துப்போகாது அண்ணா, இருக்கட்டும். நெடுஞ்சாலை, வாங்கும்போது கோரின் தடிமனையும் கியர் ஆயில் இணைப்புகளின் அளவையும் பழையதோடு வைத்துப் பாருங்கள். மலிவானவற்றில் கோர் மெல்லியதாக இருக்கும். மேல், கீழ் ஹோஸ், கிளாம்ப், தெர்மோஸ்டாட், மூடி எல்லாம் இதே சமயத்தில் மாற்றிவிடலாம், எப்படியும் கூலண்டை வடிக்கத்தானே போகிறீர்கள். கீழே ரேடியேட்டர் உட்காரும் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். அவை நசுங்கியிருந்தால் அதிர்வு முழுக்க டாங்க்குக்குப் போகும், புதுசும் அதே இடத்தில் விரியும். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.

நெடுஞ்சாலை:
புதுக் கூலண்ட் ஊற்றும்போது உள்ளே சிக்கும் காற்றை எடுப்பது எப்படி? அதில்தான் பலர் சிக்குகிறார்கள் என்கிறார்கள்.

ஸ்பேனர்:
முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்றுத் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலண்ட் வரும் வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். ஐடிலில் விட்டு ஃபேன் ஓடி நின்று, இன்னொருமுறை ஓடும் வரை பாருங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வர வேண்டும், முள் நடுவில் இருந்தும் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து நிரப்புங்கள், சூட்டில் தொடவே தொடாதீர்கள். கியர் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள், கழற்றும்போது கொஞ்சம் போயிருக்கும்.