மதாம் பொவாரி: பார்வையற்ற பிச்சைக்காரன் எதற்கு வருகிறான்?

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளொபேரின் இந்த நாவலில் பார்வையற்ற பிச்சைக்காரன் வருவதே சில பக்கங்கள்தான். ‘சாவின் குறியீடு’ என்று கட்டுரையில் எழுதினால் போதுமா?

பதில்: போதாது. அவன் வரும் இடங்களை வரிசையாக எடுத்து வையுங்கள். மூன்றாம் பாகத்தில், ரூவான் நகரில் காதலன் லெயோனைச் சந்தித்துவிட்டு நாயகி எம்மா திரும்பும் வண்டியை ஒட்டி முதலில் வருகிறான். பிறகு, கடன் கழுத்தை நெரிக்கும் நாளில், மிஞ்சிய ஐந்து ஃபிராங்க்கை அவள் அவனிடம் வீசிவிடுகிறாள். கடைசியில் அவள் உயிர் பிரியும்போது ஜன்னலுக்கு வெளியே அவன் குரல். பாடுவது ஒப்பாரி அல்ல. வெயில் நாளில் காதல் கனவு காணும் பெண்ணைப் பற்றிய பாட்டு. அதை விட்டுவிட்டால் கட்டுரை தட்டையாகிவிடும்.

பதில்: அவள் செத்த பிறகும் அவன் கதை முடிவதில்லை. ஊர் மருந்துக்கடைக்காரன் ஓமே கொடுத்த களிம்பு பலிக்கவில்லை. அதை அவன் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்ல, ஓமே பத்திரிகையில் எழுதி எழுதியே அவனைக் காப்பகத்தில் அடைக்க வைக்கிறான். எனக்கு இதுதான் நாவலின் கொடூரமான இடம்.

பதில்: பிச்சைக்காரனின் குரலோடு பினேயின் இரைச்சலையும் சேருங்கள். வரி வசூலிப்பவன், ஓய்வு நேரமெல்லாம் கடைசல் இயந்திரத்தில் நாப்கின் வளையங்கள் கடைகிறான். முந்தைய காதலன் ரொடோல்ஃப் கைவிட்டு எழுதிய கடிதத்தோடு எம்மா மாடி ஜன்னலில் குதிக்கத் துணிந்து நிற்கும்போது காதில் விழுவது அந்த இரைச்சல்தான்.