ஓம்னி இன்ஜினை ஜீப் சேசிஸில் ஏற்றி ஏலக்காட்டுக்கு ஒரு வண்டி: யோசனை சொல்லுங்கள்

ஆனக்கரை ஏலக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீடு கம்பத்தில், தோட்டம் மலைக்கு மேலே ஆனக்கரைப் பக்கம். அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் ஏலக்காடு. காடு பள்ளத்தில் கிடக்கிறது, தார் ரோடு மேலே. நடுவில் முக்கால் கிலோமீட்டர் மண்பாதை. காய் எடுக்கும் நாளில் பச்சைக்காய் மூட்டையைத் தலைச்சுமையாகத்தான் மேலே ஏற்றுகிறோம். தூக்குகிறவர்களில் பாதிப்பேர் காலையில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் வருகிற அக்காமார்கள். போன ஐப்பசியில் நல்ல மழை. ஒரு அக்கா மூட்டையோடு வழுக்கி முட்டி பெயர்ந்துவிட்டது. அவர் இன்னும் வேலைக்கு வரவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த எடுப்புக்குள் இந்தப் பாதையில் ஒரு வண்டி ஓட வேண்டும்.

நல்ல நிலையில் இருக்கிற பழைய ஜீப் என் கைக்கு எட்டவில்லை. மொத்தமாக ஒரு லட்சம்தான் புரட்ட முடியும். அதனால் இரண்டு வண்டி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

ஒன்று 1999 மாடல் மாருதி ஓம்னி, கார்புரேட்டர் வண்டி. மச்சினன் வீட்டில் நின்றது, 22,000 கொடுத்தேன். பாடி அடியில் துரு தின்றுவிட்டது, ஆனால் இன்ஜின் ஒரே சுண்டலில் ஸ்டார்ட் ஆகிறது, புகை இல்லை. இன்னொன்று பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி. இன்ஜின் இல்லை. சேசிஸ், முன்னும் பின்னும் சக்கரம் மாட்டுகிற இரண்டு அச்சு ஹவுசிங், கியர்பெட்டி, அதன் பின்னால் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ஃபோர்வீல் பெட்டி எல்லாம் இருக்கின்றன. 31,000. ஓம்னியின் இன்ஜினையும் அதன் கியர்பெட்டியையும் அப்படியே தூக்கி ஜீப் சேசிஸில் வைத்து, அதிலிருந்து ஜீப்பின் பின் ஹவுசிங்குக்குச் சுழற்சியைக் கொண்டுபோக ஒரு ஜாயிண்ட் ராடு போட்டுவிடலாம் என்பது திட்டம். ஜீப்பின் கியர்பெட்டியையும் ஃபோர்வீல் பெட்டியையும் பழைய இரும்புக்காரர் 9,000க்குக் கேட்கிறார். அந்தக் காசு வெல்டிங் கூலிக்கு ஆகும் என்று நினைக்கிறேன்.

796 சி.சி. இன்ஜின் ஜீப்பை இழுக்குமா? எட்டு மூட்டை ஏற்றினால் போதும். இதை எப்போதாவது ரோட்டில் கொண்டுவரலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டிரைவர் எழுதியது:

தம்பி, ஒரு லட்சத்துக்குப் பழைய சரக்கு ஆட்டோ ஒன்று வாங்கிவிடுங்கள். எங்கள் பக்கம் தென்னந்தோப்புக்குள் எல்லோரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். வெட்டு, ஒட்டு எதுவும் வேண்டாம். ஆர்.சி. புக்கும் கையில் இருக்கும்.

ஆனக்கரை ஏலக்காடு எழுதியது:

அண்ணே, தோப்பு சமதரை. எங்கள் பாதையில் இரண்டு கொண்டை வளைவு இருக்கிறது, ஒரு பக்கம் பள்ளம். மூன்று சக்கரத்தில் பின்னால் பாரம் வைத்து ஏறினால் முன்சக்கரம் மண்ணை விட்டு எழும்பிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள்.

கூடலூர் பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. அந்த 9,000 ரூபாயை வாங்காதீர்கள். ஃபோர்வீல் பெட்டியை விற்றுவிட்டீர்கள் என்றால் உங்கள் வண்டியில் இருக்கிற உயிரான சாமானை விற்றதாக அர்த்தம். நான் விற்றேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தேனி ஜில்லா கூடலூர். முப்பத்தொரு வருஷமாக ஜீப் வேலை. 2011இல் வண்டன்மேட்டில் எங்கள் அண்ணன் காட்டுக்கு நீங்கள் சொல்கிற அதே வண்டியைச் செய்தேன். ஓம்னி இன்ஜின், ஓம்னி கியர்பெட்டி, ஜீப் சேசிஸ், ஜீப் ஹவுசிங். இருபது நாள் வேலை. ஸ்டார்ட் செய்து பட்டறையை விட்டு வெளியே எடுத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. சமதரையில் நன்றாக ஓடியது. மலையில் ஏற்றியதும் நின்றுவிட்டது.

காரணம் இன்ஜின் இல்லை, டயர். ஓம்னியின் 12 இஞ்ச் சக்கரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 54 சென்டிமீட்டர் உயரம். ஜீப்பின் 6.00-16 டயர் 73 சென்டிமீட்டர். சக்கரம் பெரிதானால் இழுவை அந்த அளவுக்குக் குறையும். கணக்குப் போட்டால் கால் பங்குக்கு மேல் இழுவை போய்விடுகிறது. ஓம்னிக்கு இருப்பதே 37 குதிரைத்திறன். அது தன் உடம்பை இழுக்கக் கணக்குப் பார்த்து வைத்தது. நாம் அதில் இரும்புச் சேசிஸையும் மூட்டையையும் ஏற்றி, இழுவையிலும் கால் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறோம். முதல் கியரில் கிளட்ச்சைத் தேய்த்துத் தேய்த்துத்தான் ஏற்றினோம். இரண்டு மாதத்தில் கிளட்ச் பிளேட் கருகியது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை நான் கவனிக்கவே இல்லை. சி.ஜே. ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. ஃபோர்வீல் பெட்டியின் பின்வாயில், ஜாயிண்ட் ராடு கிளம்புகிற இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும். போய்ப் பாருங்கள், உங்களுடையதிலும் இருக்கும். அதைப் பிடித்தால் ராடு நிற்கும், ராடு நின்றால் சக்கரம் நிற்கும். பெட்டியைக் கழற்றி விற்றதோடு ஹேண்ட்பிரேக்கும் போய்விட்டது. பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லை அண்டக் கொடுத்தே ஓட்டினோம்.

ஆடி மாதம் ஒருநாள் ஒன்பது மூட்டை பச்சைக்காயோடு மேலே வந்து, கேட்டைத் திறக்க நிறுத்தினோம். அண்ணன் மகன் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். பதினேழு வயசுப் பையன். மண் ஊறிப்போய்க் கிடந்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கல் மண்ணுக்குள் அமுங்கியது. சத்தமே இல்லாமல் வண்டி பின்னால் நகர்ந்தது. அவன் அப்போதும் குனிந்தபடிதான் இருந்தான். நான் கத்தினதில் பக்கவாட்டில் விழுந்தான், முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. வண்டி இருபதடி உருண்டு ஒரு முள்முருங்கையில் முட்டி நின்றது. அந்த மரம் இல்லை என்றால் கீழே காய் எடுத்துக்கொண்டிருந்த ஆறு பேர் மேல் போயிருக்கும். அன்று சாயங்காலமே வண்டியைப் பிரித்துப் போட்டேன். இன்றைக்கும் மேட்டில் வண்டியை நிறுத்தினால் எனக்கு அந்தப் பையன் குனிந்திருந்ததுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். ஓம்னியிலிருந்து இன்ஜினை மட்டும் எடுங்கள். கியர்பெட்டி, ஃபோர்வீல் பெட்டி, இரண்டு ஹவுசிங் எல்லாம் ஜீப்பினுடையதே இருக்கட்டும். அந்தப் பெட்டியில் சின்ன கியர் போட்டால் இழுவை கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஆகும். டயரில் போனது அதில் திரும்பி வந்து மிச்சமும் இருக்கும். இறக்கத்தில் பாரத்தோடு வரும்போதும் சின்ன கியர்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடாகாது. உங்கள் பாதைக்கு வேகம் தேவையில்லை, மனுஷன் நடக்கிற வேகம் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. பழைய ஜீப்பில் ஜாயிண்ட் ராடு நடுவில் போகாது, வலது பக்கம் ஒதுங்கிப் போகும். ஹவுசிங்கில் பல்சக்கரம் இருக்கிற உருண்டையும் வலது பக்கம்தான் இருக்கும். ஓம்னி கியர்பெட்டியை நடுவில் வைத்தால் ராடு கோணலாக ஓடும். ராடின் மூட்டில் இருக்கிற கிராஸ் அடிக்கடி போகும். எனக்கு நாலு மாதத்தில் மூன்று கிராஸ் போனது.

கஷ்டமான வேலை ஓம்னி இன்ஜினை ஜீப் கியர்பெட்டியோடு சேர்ப்பதுதான். நடுவில் ஒரு கனமான இரும்புத் தகடு வரும். ஒரு பக்கம் இன்ஜின் போல்ட் ஓட்டை, மறுபக்கம் கியர்பெட்டியின் ஓட்டை. இதை வெல்டரிடம் கொடுக்காதீர்கள், லேத்தில் கொடுங்கள். இன்ஜினின் மையமும் கியர்பெட்டி ஷாஃப்ட்டின் மையமும் ஒரே நேரில் இருக்க வேண்டும். கால் மில்லிமீட்டர் தள்ளினாலும் கிளட்ச் உதறும், ஷாஃப்ட் பேரிங் ஊளையிடும். டயல் கேஜ் வைத்துப் பார்க்கிற லேத்காரராகப் பிடியுங்கள். ஷாஃப்ட்டின் நுனி உட்கார ஃபிளைவீல் நடுவில் ஒரு புஷ் கடைய வேண்டும். கிளட்ச் பிளேட் ஓம்னியுடையது, ஆனால் அதன் நடுப்பல் ஜீப் ஷாஃப்ட்டுக்குச் சேராது. ஜீப் பிளேட்டின் நடுப்பகுதியை எடுத்து ஓம்னி பிளேட்டில் ரிவிட் அடித்துத் தருகிற கடைகள் கம்பத்திலும் தேனியிலும் உண்டு.

ஓம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் சாய்ந்து படுத்திருக்கும். ஜீப்பில் இடம் இருக்கிறதே என்று நிமிர்த்தி வைத்துவிடாதீர்கள். அதே சாய்வில் வையுங்கள். ஆயில் சம்ப்பும் கார்புரேட்டரும் அந்தச் சாய்வுக்குச் செய்தவை. அப்புறம், ஜீப்பின் பழைய இன்ஜின் 2.2 லிட்டர் இரும்பு. ஓம்னியுடையது அதைவிடச் சின்னது. முன்பக்கம் பாரம் குறைந்து மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். முன் ஸ்பிரிங் பட்டையில் ஒரு லீஃபை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

தகடு, புஷ், கிளட்ச், இன்ஜின் மவுண்ட் எல்லாம் சேர்த்து உங்கள் மிச்சக் காசில் முடியும். பிரேக்குக்கு மட்டும் தனியாகக் காசு எடுத்து வையுங்கள். நாலு சக்கரத்துக்கும் சிலிண்டர் கிட், புது பைப். ஜீப்பில் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை லைன் என்றால் மாற்றுங்கள், ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் போய்விடும். இரட்டை லைன் மாஸ்டர் போட்டு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

குமுளி சங்கரன்மகன் எழுதியது:

வேலை விஷயம் பட்டறை அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்கு எதுவும் இல்லை. நான் பதினைந்து வருஷம் வண்டிக் காகித வேலை பார்த்தவன், அதனால் ரோடு விஷயத்தைச் சொல்கிறேன்.

ரோட்டில் கொண்டுவர முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கிற விவரம் கம்பெனி செய்தபோது இருந்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது, அந்த வழக்கே நம் கேரளத்திலிருந்து போனதுதான். அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவைப் புதிதாக மாற்றி எழுதினார்கள். உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

உங்கள் மண்பாதை முழுக்க உங்கள் பட்டாவுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொதுமக்களுக்கு வழி உரிமை இருக்கிற எந்தப் பாதையும் சட்டத்தில் பொது இடம்தான், தார் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று அமைத்த வண்டிக்குத்தான் விலக்கு. பக்கத்துக் காட்டுக்காரர் உங்கள் பாதையில் போய்வருகிறார் என்றால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஓம்னியைப் பிரித்த பிறகு அதன் ஆர்.சி.யைப் பீரோவில் வைத்திருக்க வேண்டாம். 55ஆம் பிரிவுப்படி பதினாலு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து ரத்து செய்ய வேண்டும். ஓம்னியின் சேசிஸ் நம்பர் இருக்கிற தகட்டை வெட்டி ஜீப்பில் ஒட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவர் பக்கமே போகாதீர்கள். அது போலீஸ் கேஸ்.

ஆனக்கரை ஏலக்காடு எழுதியது:

பட்டறை அண்ணே, நேற்று இதைப் படித்துவிட்டு ராத்திரியே இரும்புக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை காட்டுக்குப் போய்ப் பலாமரத்தடியில் கிடக்கிற சேசிஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன டிரம் இருக்கிறது. இவ்வளவு நாள் அதை ஏதோ மூடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லீவரை இழுத்தால் கம்பி வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை.

சங்கரன்மகன் அண்ணே, பாதை முழுக்க எங்கள் பட்டாதான், மேலே கேட்டும் எங்களுடையது. கீழே ஓடைப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் மட்டும் அந்த வழியாக நடந்து போகிறார். அதை வக்கீலிடம் கேட்டுவிடுகிறேன். ஓம்னி ஆர்.சி. மச்சினன் பெயரில் இருக்கிறது, அவனைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை தேனி போகிறேன்.

ஒரு சந்தேகம். இந்த ஜீப்பை இரண்டு மூன்று கை மாறித்தான் வாங்கினேன். முன் ஹவுசிங் வேறு வண்டியுடையது என்று ஒருவர் சொல்கிறார். அதனால் ஏதாவது ஆகுமா?

கூடலூர் பட்டறை எழுதியது:

ஆகும். முன்னாலும் பின்னாலும் பல்விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ராடு எத்தனை சுற்று வருகிறது என்கிற கணக்கு, ஒன்றாக இல்லை என்றால் ஃபோர்வீல் போட்டதும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நின்று பெட்டி உடையும். பிரிக்காமலே பார்க்கலாம். பெட்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். மற்ற சக்கரங்களுக்கு நல்ல கட்டை கொடுங்கள், கல் வேண்டாம். ஜாயிண்ட் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கின சக்கரத்தை முழுசாக இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். அதற்குள் ராடு எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் கணக்கு. முன்பக்கமும் அதே மாதிரி.

ஆனக்கரை ஏலக்காடு எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணே. பின்னால் ஐந்து சுற்று முழுசாக, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. முன்னாலும் கோடு அதே இடத்தில்தான் வந்து நின்றது. நாலு தடவை சுற்றிப் பார்த்தோம். என் பையன் எண்ணினான்.

கூடலூர் பட்டறை எழுதியது:

அப்படியென்றால் ஹவுசிங் இரண்டும் ஜோடிதான், கவலை இல்லை. லேத்துக்குப் போகும் முன் அந்த ஹேண்ட்பிரேக் டிரம்மைக் கழற்றுங்கள். பெட்டியின் பின் ஆயில் சீல் ஒழுகி லைனிங் எண்ணெயில் ஊறியிருக்கும், பழைய ஜீப்பில் அது பிடிக்காததற்கு முக்கால்வாசி அதுதான் காரணம். சீலை மாற்றிவிட்டுப் புது லைனிங் ஒட்டுங்கள், ஊறின லைனிங்கைத் தேய்த்துத் திரும்பப் போடாதீர்கள். தகட்டுக்கு அளவு எடுக்கிற நாளில் சொல்லுங்கள், கூடலூரிலிருந்து நான் வருகிறேன்.