முறுக்கு பிழிய நான் வரவில்லை

சேலம் சித்தி (காலை 6.10): அண்ணி, வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. 4.30 மணிக்குக் கணபதி ஹோமம். வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். முறுக்கு நீங்கள் பிழிந்தால்தான் முறுக்கு!

பெரியப்பா (7.30): தங்கச்சி, நீலக் குறி விழுந்து ஒரு மணி நேரமாகிறது. பதில் எங்கே?

மதுரை அத்தை (8.05): விரல்கள் இப்போதுதான் எழுந்தன அண்ணா. காலையில் காப்பி டம்ளரையே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குகிறேன். சேலத்துக்கு வருகிறேன். ஹோமத்துக்கும் முறுக்குக்கும் மட்டும் என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

பெரியப்பா: வயதானால் வருவதுதான். எனக்கும் முட்டி வலிக்கிறது.

மதுரை அத்தை: உங்களுடையது தேய்மானம். என்னுடையது முடக்கு வாதம், வந்தபோது வயது 41. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. உங்களுக்கு நடந்தால் வலி. எனக்குப் படுத்துக் கிடந்தால் இறுகிவிடும்.

பெரியப்பா: முடக்கத்தான் தோசை சாப்பிடு. மாத்திரை ஈரலைக் கெடுக்கும்.

மதுரை அத்தை: தோசை ருசிதான், சாப்பிடுகிறேன். மாத்திரையை விட மாட்டேன். போன தீபாவளிக்கு நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவது வாரம் புடவைக் கொசுவம் வைக்க மருமகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஈரலைப் பார்க்கத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

நான்: அத்தை, அந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு நாள்தானே?

மதுரை அத்தை: ஞாயிறு மட்டும். காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். ஒரு மருந்துக் கடையில் உறைமேல் "தினம் ஒன்று" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கவனிக்காமல் விழுங்கியிருந்தால் இன்று இந்தக் குழுவில் இரங்கல் செய்திதான்!

சேலம் சித்தி: ஐயோ அண்ணி! வீட்டு வேலைக்கு என்ன செய்கிறீர்கள்?

மதுரை அத்தை: ஈரத்துணியைக் குழாயில் சுற்றி முறுக்குகிறேன், கைக்குப் பாரம் குறைகிறது. காய் நறுக்குவது பதினொரு மணிக்குமேல். குக்கரை அவர்தான் திறப்பார். திறக்கும்போதெல்லாம் பெருமூச்சு வேறு. வீக்கம் வடிந்த நாளில்தான் சங்கடம். "நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று அரிசி மூட்டையை நகர்த்தச் சொல்வார்கள்.

பெரியப்பா: போன மாதம் சொன்னது நான்தான்.

மதுரை அத்தை: பெயரைச் சொல்லவில்லையே அண்ணா.

சேலம் சித்தி: முறுக்குக்கு ஆள் வைத்துவிடுகிறேன். நீங்கள் எழுந்து, வெந்நீரில் கை நனைத்து, பத்து மணி விருந்துக்கு வந்தால் போதும்.

மதுரை அத்தை: வருகிறேன். ஊருக்குக் கொடுத்துவிடும் முறுக்கு டப்பாவின் மூடியை மட்டும் இறுக்கி மூடாதே அம்மா.